பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலம் வந்தால், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலில் வரிசை நீளும். அந்த வரிசையில் நிற்கும் பலருக்கும் இதைப் பற்றிய படிப்பு புதுநன்மை வகுப்போடு முடிந்துவிட்டது. நாற்பது வயதுக்காரர் உள்ளே போய், "பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசை காணவில்லை" என்று சின்ன வயதில் சொன்ன பட்டியலையே சொல்லிவிட்டு வருகிறார். தம்பியோடு உள்ள நிலத் தகராறைப் பற்றியோ, வேலைக்காரம்மாவுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் சம்பளத்தைப் பற்றியோ வாயே திறப்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக எழுதியது இது. சொல்வது கத்தோலிக்க முறை. மற்ற சபையினருக்கும் பயன்படும் பகுதிகள் இதில் நிறைய உண்டு.

பாவசங்கீர்த்தனம், ஒப்புரவு அருட்சாதனம்: இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். முதலாவது பழைய பெயர். பாவத்தை வாய்விட்டுச் சொல்வதை அது காட்டுகிறது. இரண்டாவது, கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1973-இல் வந்த புதிய சடங்கு முறையை ஒட்டிப் பழக்கத்துக்கு வந்தது. கடவுளோடும் அயலாரோடும் உறவு சரியாவதை அது முன்வைக்கிறது. இரண்டு பெயரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது நல்லது. சொல்லிவிட்டு உறவைச் சரிசெய்யாமல் விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

தமிழருக்கு இதில் ஒரு பழைய சொந்தம் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில் உழைத்த போர்த்துக்கீசியக் குரு அண்டிரிக்கி அடிகளார் தமிழில் அச்சிட்ட முதல் சில நூல்களில், 1580-இல் வந்த பாவசங்கீர்த்தன வழிகாட்டியும் ஒன்று. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான நூல்களின் தொடக்கமான தம்பிரான் வணக்கம் வந்து அப்போது இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது.

நேராகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டால் போதாதா?

தினமும் கேட்க வேண்டும். இரவு செபத்திலும் பூசையின் தொடக்கத்திலும் கேட்கிறோம். அற்பப் பாவங்கள் எனப்படும் சிறு பாவங்கள் செபத்தாலும் தருமத்தாலும் நற்கருணையாலும் மன்னிக்கப்படுகின்றன என்பதே திருச்சபையின் போதனை. சாவான பாவத்துக்கு, அதாவது தெரிந்தே செய்த கனமான பாவத்துக்கு மட்டும் குருவிடம் அறிக்கையிடுவது வழக்கமான வழி. உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுத்தார் (யோவான் 20:22–23). அதுவே இதற்கு அடிப்படை.

சீர்திருத்த சபைகளில் பொது ஆராதனையில் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையே வழக்கம். ஆனால் லுத்தரன் சபையினரின் விசுவாச ஆவணமான ஆக்ஸ்பர்க் அறிக்கை, தனியே பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதை விட்டுவிடக் கூடாது என்று சொல்கிறது. ஒருவருக்கொருவர் பாவங்களை அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 எல்லாருக்கும் சொல்கிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

கனமான பாவம் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது கட்டாயம். 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் வைத்த விதி அது, இன்றும் இருக்கிறது. சாவான பாவம் செய்திருப்பது தெரிந்தே நன்மை (நற்கருணை) வாங்கக் கூடாது. ஆகவே ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சிறு பாவங்களோடு மட்டும் இருப்பவருக்கு மாதம் ஒருமுறை நல்ல பழக்கம். மாதத்தின் முதல் வெள்ளியை அதற்கு வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

பெரிய விசயம் பேச வேண்டியிருந்தால் பெரிய வியாழனுக்கு முந்தின நாளோ, வேளாங்கண்ணித் திருவிழா நாட்களோ வேண்டாம். பின்னால் நூறு பேர் நிற்கும்போது உங்களுக்கும் பேச வராது, சாமியாருக்கும் நிதானம் இருக்காது. ஒரு வார நாளில் பங்குத்தந்தையிடம் நேரம் கேட்டுப் போங்கள்.

எது சாவான பாவம், எது அற்பப் பாவம்?

சாவான பாவமாக மூன்றும் சேர வேண்டும்: காரியம் கனமானது, அது கனமானது என்று முழுதாகத் தெரியும், முழுச் சம்மதத்தோடு செய்தது. ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. காய்ச்சலில் படுத்துக் கிடந்து ஞாயிறு பூசைக்குப் போகாதது பாவமே இல்லை. பயத்தாலோ, விட முடியாத பழக்கத்தின் பிடியாலோ செய்ததற்குப் பொறுப்பு குறையும். எவ்வளவு குறையும் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாமல், நடந்தபடி சொல்லிக் கேளுங்கள்.

ஆத்தும சோதனை செய்யத் தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பதுதான் ஆத்தும சோதனை. கோயிலில் வரிசையில் நிற்கும் ஐந்து நிமிடம் இதற்குப் போதாது. முந்தின நாள் இரவு வீட்டில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். முதலில் தூய ஆவியாரிடம் வெளிச்சம் கேட்டு ஒரு சிறு செபம். பிறகு பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொள்ளலாம். (கட்டளை எண்ணில் குழப்பம் வரும். களவு செய்யாதே என்பது கத்தோலிக்கருக்கும் லுத்தரன் சபையினருக்கும் ஏழாவது, தென்னிந்தியத் திருச்சபையினருக்கு எட்டாவது. கட்டளைகள் ஒன்றே, பிரித்து எண்ணும் முறைதான் வேறு.)

கட்டளைகளை வாசித்ததும் "நான் கொலை செய்யவில்லை, களவு செய்யவில்லை" என்று மனம் சீக்கிரம் தாண்டிவிடும். அதனால் ஆட்களை வைத்துச் சோதிப்பது பலருக்கு இன்னும் நன்றாக உதவும். கடைசிப் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு யாரோடெல்லாம் வாழ்ந்தேன்? மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், பெற்றோர், மாமியார், உடன்பிறந்தவர்கள், பக்கத்து வீடு, வேலையிடம், எனக்குக் கீழே வேலை செய்பவர்கள். ஒவ்வொரு முகமாக நினைத்து மூன்று கேள்வி கேளுங்கள். இவருக்கு என்ன கெடுதல் செய்தேன்? செய்ய வேண்டிய எதைச் செய்யாமல் விட்டேன்? இவரைப் பற்றி மற்றவர்களிடம் என்ன பேசினேன்?

நம் ஊரில் பட்டியலுக்கே வராமல் தப்பிவிடும் சில காரியங்கள் உண்டு.

கூலி முதலாவது. வீட்டு வேலை செய்பவருக்கோ, கொத்தனாருக்கோ சம்பளத்தைப் பிடித்து வைப்பதை விவிலியம் மிகக் கடுமையாகப் பேசுகிறது. பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடு என்கிறது இணைச்சட்டம் 24:15. அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. பழிவாங்கச் சொல்லி வானத்தை நோக்கிக் கூவும் பாவங்களில் ஒன்றாக மறைக்கல்வி இதை எண்ணுகிறது.

அடுத்தது வரதட்சணை. மகனுக்குக் கேட்டு வாங்கியதை "அவர்களாகக் கொடுத்தது" என்று சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் யாரிடம் கடன் வாங்கிக் கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரிந்தே இருக்கும்.

பிறகு சாதி. கல்லறைத் தோட்டத்திலும் தேர் பவனியிலும் பெண் கொடுப்பதிலும் மற்றவரைத் தள்ளி வைத்ததை "ஊர் வழக்கம்" என்று ஒதுக்குபவர்கள், யாக்கோபு 2:1–9 பகுதியை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். ஆள் பார்த்து நடப்பது பாவம் என்று அது நேரடியாகவே சொல்கிறது. எத்தனையோ தலைமுறை இந்தப் பாவத்தைச் சொல்லாமலே வரிசையில் நின்று திரும்பியிருக்கிறது. இது நம் பங்குகளின் பெரிய காயம்.

ஞாபகத்துக்குத் தாளில் குறித்துக்கொள்ளலாம். முடிந்ததும் கிழித்து எறிந்துவிடுங்கள். சட்டைப் பையில் விட்டால் துவைக்கும்போது வேறு யார் கையிலாவது கிடைக்கும்.

உள்ளே போனதும் என்ன சொல்ல வேண்டும்?

வரிசை இதுதான்:

1. சிலுவை அடையாளம் போட்டு, "ஃபாதர், என்னை ஆசீர்வதியுங்கள், நான் பாவி" என்று தொடங்குங்கள்.
2. கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று சொல்லுங்கள். உத்தேசமாகச் சொன்னால் போதும். திருமணம் ஆனவரா, துறவியா, மாணவரா என்பதையும் சொன்னால் அவர் சொல்லும் அறிவுரை உங்களுக்குப் பொருந்தும்.
3. கனமானதை முதலில் சொல்லுங்கள். கடைசிக்கு வைத்தால் தைரியம் போய்விடும்.
4. "இவற்றுக்காகவும் மறந்துபோன பாவங்களுக்காகவும் மனஸ்தாபப்படுகிறேன்" என்று முடியுங்கள்.
5. அறிவுரையையும் அபராதத்தையும் (பாவப் பரிகாரமாகக் குரு செய்யச் சொல்லும் செபம் அல்லது நற்செயல்) கேட்டுக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள்.
6. பாவத்துக்கு வருந்தும் செபமான மனஸ்தாப மந்திரம் சொல்லுங்கள். "என் சர்வேசுரா சுவாமி" என்று தொடங்கும் பழைய மந்திரம் மனப்பாடம் இல்லையென்றால் சொந்த வார்த்தையில் சொல்லலாம்.
7. குரு பாவப்பொறுத்தல் வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை இருங்கள். அபராதம் கிடைத்ததுமே எழுந்து போய்விடுகிறவர்கள் உண்டு. அந்த வாக்கியம்தான் முக்கியமானது. ஆமென் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

எதுவுமே ஞாபகம் இல்லாமல் பதினைந்து ஆண்டு கழித்து வருகிறீர்களா? "ஃபாதர், ரொம்ப வருசம் ஆச்சு, எப்படிச் செய்யணும்னு மறந்துபோச்சு" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் கேள்வி கேட்டு நடத்திக்கொண்டு போவார்.

எவ்வளவு விவரமாகச் சொல்ல வேண்டும்?

கனமான பாவங்களுக்கு வகையும் எண்ணிக்கையும் வேண்டும். அதன் தன்மையை மாற்றும் சூழ்நிலையையும் சொல்ல வேண்டும். கதை வேண்டாம்.

"கோபப்பட்டேன் ஃபாதர்" என்றால் சாமியாருக்கு ஒன்றும் புரியாது, உங்களுக்கும் ஒன்றும் உறைக்காது. "மாமியாரோடு மூன்று வாரமாகப் பேசவில்லை. பிள்ளைகளையும் அவரிடம் போகவிடாமல் தடுத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

"பணத்தில் தவறு செய்தேன்" என்பதற்குப் பதிலாக: "நான் நடத்தும் ஏலச்சீட்டில் ஒரு விதவையின் பணத்தை இரண்டு மாதம் தராமல் இழுத்தடித்தேன். அதைச் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டேன்." இங்கே விதவை என்பது தேவையான விவரம். அவர் பெயர் தேவையில்லை.

இன்னொரு பக்கம், பத்து நிமிடம் பேசி முடித்த பிறகு பார்த்தால் சொன்னது முழுவதும் மருமகளின் பாவமாக இருக்கும். "அவள் இப்படிச் செய்ததால்தான்" என்று வாய் போகும்போதே நிறுத்தி, "நான்" என்று வாக்கியத்தைத் தொடங்குங்கள். கற்புக்கு எதிரான பாவங்களில் என்ன பாவம், எத்தனை முறை, தனியாகவா வேறொருவரோடா, திருமணம் ஆனவரோடா என்பது போதும். காட்சி விவரிப்பு வேண்டாம்.

அழுகையே வரவில்லை. அப்படியென்றால் மனஸ்தாபம் இல்லையா?

கண்ணீர் ஒரு அளவுகோல் கிடையாது. மனஸ்தாபம் என்பது செய்ததை வெறுத்து, இனிச் செய்யமாட்டேன் என்று மனது எடுக்கும் முடிவு. கடவுளின் அன்பை நினைத்து வருந்துவது உத்தம மனஸ்தாபம். தண்டனைக்குப் பயந்தோ பாவத்தின் அவலட்சணத்தை நினைத்தோ வருந்துவது அதைவிடக் குறைந்தது. ஆனாலும் அருட்சாதனத்துக்கு அது போதும்.

அதே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுபடி விழக்கூடும் என்ற பயம் இருந்தாலும், இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை செல்லும். இன்று நிஜமாகவே விட நினைக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. "இனிக் குடிக்கமாட்டேன்" என்று மட்டும் சொல்லாமல், சம்பளம் வாங்கும் நாளில் எந்த வழியாக வீட்டுக்குப் போவது, பணத்தை யார் கையில் கொடுப்பது என்றும் முடிவெடுங்கள். இரவில் ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம் இருந்தால் போனுக்கு ஹாலில் சார்ஜ் போடுங்கள். பாவத்துக்கு இட்டுச்செல்லும் சமயத்தை விலக்காமல் பாவத்தை மட்டும் விலக்கப் பார்ப்பதால்தான் பெரும்பாலும் மறுபடி விழுகிறோம். குடி நோயாகவே ஆகிவிட்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

ஒரு பாவத்தை மறந்துவிட்டேன். இன்னொன்றை வெட்கப்பட்டு மறைத்தேன்.

இரண்டுக்கும் வேறு வேறு பதில். மறந்துபோனது மற்றவற்றோடு சேர்ந்தே மன்னிக்கப்பட்டுவிட்டது. கனமானதென்றால் அடுத்த முறை சொல்லுங்கள், அதுவரை நன்மை வாங்கலாம். தெரிந்தே கனமான பாவத்தை மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. மறைத்ததும் தனிப் பாவமாகச் சேரும். அடுத்த முறை, "இத்தனை வருசம் முன்னால் ஒன்றை மறைத்தேன்" என்று தொடங்கி அதையும், அந்தப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன மற்றக் கனமான பாவங்களையும், அதற்குப் பிறகான கனமான பாவங்களையும் சொல்ல வேண்டும். தெரிந்த பங்குச்சாமியாரிடம் சொல்ல முடியவில்லையென்றால் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போங்கள். எந்தக் குருவிடம் போவது என்பது உங்கள் உரிமை.

அபராதம் தீர்த்தாயிற்று. அதோடு முடிந்ததா?

பிறர் பொருள் உங்களிடம் இருக்கும்வரை முடியவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்பவரிடம் மனஸ்தாபம் இல்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு இரண்டு சென்ட் நிலத்தை வைத்துக்கொள்ள வழியில்லை.

விவிலியத்தின் எண்ணிக்கை நூல் 5:7 முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார் (லூக்கா 19:8). இன்றைக்கு நான்கு மடங்கு என்று கட்டாயம் இல்லை. எடுத்ததும், அதனால் அவருக்கு நேர்ந்த நட்டமும் போய்ச் சேர வேண்டும். பத்தாயிரத்தை எடுத்ததால் அவர் வட்டிக்கு வாங்கியிருந்தால் அந்த வட்டியும் உங்கள் கணக்கில்தான்.

ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள், முதல் தவணையை இந்த மாதமே. உரியவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளுக்கு. யாரென்றே தெரியாவிட்டால் ஏழைகளுக்கு. கோயில் உண்டியலில் போட்டுவிட்டுத் தெரிந்த உரிமையாளரைத் தவிர்ப்பது சரியில்லை. உங்கள் பெயரை வெளிப்படுத்தித்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தொகை சேர்ந்தால் போதும். செய்ய வேண்டிய வேலையைச் செய்யவே லஞ்சம் வாங்கியிருந்தால் அதுவும் கொடுத்தவருக்கே திரும்ப வேண்டும். வரதட்சணையைப் பொறுத்தவரை நாட்டுச் சட்டமே ஒரு படி மேலே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி, திருமணத்துக்கு முன் வேறு யார் வாங்கியிருந்தாலும் திருமணமான மூன்று மாதத்துக்குள் அதை அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

ஒருவரின் பெயரைக் கெடுத்துவிட்டேன். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

சொன்னது பொய்யென்றால் அது அவதூறு. சொன்ன இடத்திலேயே, சொன்ன ஆட்களிடமே திரும்பப் பெற வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் அதே குழுவில் "நான் போட்டது தவறான செய்தி" என்று எழுதுங்கள். சத்தம் இல்லாமல் அழித்துவிட்டால் போதாது. படித்தவர்கள் படித்துவிட்டார்கள்.

சொன்னது உண்மைதான், ஆனால் மறைவாக இருந்த குறையைத் தேவையில்லாமல் வெளியே சொன்னீர்கள் என்றால் அது புறணி. அதைப் பொய்யென்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவரிடம் உள்ள நல்லதை அதே ஆட்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். பேச்சு மறுபடி அந்தப் பக்கம் போனால் திருப்புங்கள்.

அவரை மன்னிக்க முடியவில்லை. என் கணவர் அடிக்கிறார், அவரையும் மன்னித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

மன்னிப்பது வேறு, பழையபடி நம்புவது வேறு. மன்னிப்பு என்பது பழிவாங்குவதை விட்டு, அவருக்கும் நன்மை வரட்டும் என்று விரும்புவது. காயம் உடனே ஆறாது. இன்றைக்கு அவ்வளவும் முடியாவிட்டால், "ஆண்டவரே, இவரை மன்னிக்க எனக்கு மனது தாரும்" என்று தினமும் கேட்பதே தொடக்கம். எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கச் சொன்ன இயேசு, அதே மத்தேயு 18-இல் குற்றத்தைத் தனியே எடுத்துக்காட்டவும், கேட்காவிட்டால் ஒருவர் இருவரோடு போகவும், பிறகு திருச்சபையிடம் சொல்லவும் வழி வைத்திருக்கிறார்.

அடிபடுவதைச் சகித்துக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும் என்று திருச்சபை சொல்லவில்லை. வாழ்க்கைத் துணையால் உடலுக்கோ மனதுக்கோ, பிள்ளைகளுக்கோ பெரிய ஆபத்து இருந்தால் பிரிந்து வாழலாம், உடனடி ஆபத்தென்றால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் போகலாம் என்பது திருச்சபைச் சட்டம் 1153. "சிலுவையைச் சும" என்று சொல்லி உங்களை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் இந்தச் சட்டத்தை அவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் பெண்கள் உதவி எண் 181. காவல்துறையில் புகார் கொடுப்பது மன்னிப்புக்கு எதிரானதில்லை.

சாமியார் வெளியே சொல்லிவிடுவாரா?

சொல்லக் கூடாது. உயிரே போனாலும், நீதிமன்றம் கேட்டாலும் கூடாது. நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாக்கப்படுகிறார். கேட்டதை வைத்து உங்களுக்குக் கெடுதலாக எதையும் செய்யவும் கூடாது. வரிசையில் நின்று தற்செயலாகக் கேட்டவருக்கும் இரகசியக் கடமை உண்டு. ஒலிபெருக்கி அணைந்த கோயிலில் குரல் தூரம் போகும். ஆகவே வரிசையில் நிற்பவர்கள் நான்கு அடி தள்ளி நில்லுங்கள்.

போனில், வீடியோ காலில் செய்யலாமா?

முடியாது. இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று 2002-இலேயே வத்திக்கான் தெளிவாக்கிவிட்டது. 2020-இல் கொரோனா அடைப்பின்போதும் அதை மாற்றவில்லை. குருவே கிடைக்காத நிலையில் உத்தம மனஸ்தாபப்பட்டு, முடிந்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதி எடுத்தால் கனமான பாவமும் மன்னிக்கப்படும் என்ற பழைய போதனையைத்தான் அப்போது நினைவூட்டினார்கள்.

சரியாகச் சொன்னேனா என்ற சந்தேகம் தீரவே இல்லை. வாரம் இருமுறை போகிறேன்.

இது நுணுக்க மனச்சாட்சியின் வேதனை. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே வேதனையால் நொறுங்கியிருக்கிறார், நீங்கள் தனியாள் இல்லை. ஒரே குருவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதற்கு அப்படியே கீழ்ப்படியுங்கள். பழையதை மறுபடி சொல்லாதீர்கள். கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது போன்றவற்றிலும் இதே சந்தேகம் இருந்தால் மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள்.

வீட்டில் அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். எப்போது சாமியாரை அழைப்பது?

இன்றைக்கே. நோயில் பூசுதலை முன்பு அவஸ்தைப் பூசுதல் என்று சொன்னதால், சாமியார் வந்தால் சாவு வந்துவிட்டது என்று பலர் இன்னும் பயப்படுகிறார்கள். நினைவு தப்பிய பிறகு ஓடிப்போய் அழைக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு அப்பாவால் பேசவோ, கையை அழுத்தியாவது பதில் காட்டவோ முடிய வேண்டும். பங்கு அலுவலகத்தில் பெயரும் வீட்டு அடையாளமும் சொல்லுங்கள். விழுங்க முடியுமா, காது கேட்குமா என்பதையும் முன்னாலேயே தெரிவியுங்கள். கட்டில் பக்கத்தில் சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுருபம் (இயேசு தொங்கும் சிலுவை), மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் போதும். சாமியார் வந்ததும் டிவியை அணைத்து, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். அப்பாவுக்குக் காது மந்தமென்றால் வாசல் திண்ணைக்கே போய்விடுங்கள், அவர் சத்தமாகத்தான் பேசுவார். கதவு திறந்த பிறகு உள்ளே போய், நன்மை வாங்கும்போது எல்லாரும் அவரோடு சேர்ந்து செபம் சொல்லுங்கள்.